சோழிங்கநல்லூரில் முதல் வேலை: வேளச்சேரியா, குரோம்பேட்டையா, ஆபீஸ் பக்கமேவா?

நெல்லைப்பையன்:
இந்த வருடம்தான் பி.இ. முடித்தேன். அடுத்த மாதம் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர வேண்டும். கைக்கு 27,000 வரும். ஊர் அம்பாசமுத்திரம். சென்னைக்கு இதுவரை வந்தது இரண்டே தடவை, இரண்டும் கல்யாணத்துக்கு. மூன்று இடம் பார்த்திருக்கிறேன். வேளச்சேரி ராம் நகரில் சிங்கிள் பெட்ரூம், தரைத்தளம், 15,000. குரோம்பேட்டையில் மாடி வீடு, 11,000. இந்த இரண்டும் நண்பனோடு பாதிப் பாதி. மூன்றாவது ஆபீஸ் பக்கத்தில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி), ஒரு அறைக்கு மூன்று பேர், சாப்பாட்டோடு தலைக்கு 8,500. எதற்குப் போகலாம்?

ஷிப்ட்_சங்கர்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், பி.ஜி.தான். நான் தாம்பரத்திலிருந்து இரண்டு வருடம் பைக்கில் போய் வந்தவன். ஆபீஸ்கள் இருக்கும் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த பிறகு ரோடு பாதியாகிவிட்டது. மாலை ஆறரைக்குக் கிளம்பினால் துரைப்பாக்கம் திரும்புவதற்குள் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும். வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் பெட்ரோலுக்கும் முதுகுவலிக்கும் சரியாகப் போனது.

குரோம்பேட்டைக்காரன்:
வேலை சோழிங்கநல்லூரில் என்பதற்காக வாழ்க்கையையும் அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டுமா? சாயங்காலம் கீழே இறங்கினால் சர்வீஸ் ரோடு, பிரியாணிக் கடை, அவ்வளவுதான். இங்கே ஸ்டேஷன் நடக்கிற தூரம், மார்க்கெட், மெஸ், பேண்ட் உயரம் குறைத்துத் தர டெய்லர் வரை எல்லாம் இருக்கிறது. ஊருக்குப் போவதையும் யோசி. நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் குரோம்பேட்டை வழியாகப் போகும் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான். தீபாவளிக்கு முந்தின நாள் சோழிங்கநல்லூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ப் பார், அப்புறம் பேசுவோம். ஆறு மாதத்தில் ப்ராஜெக்ட் மாறி கிண்டிக்கு வா என்றால் சங்கர் பெட்டி கட்ட வேண்டும், எனக்கு ரயில் இருக்கிறது.

ஷிப்ட்_சங்கர்:
ரயில் கிண்டிக்குப் போகும், சோழிங்கநல்லூருக்குப் போகுமா? பையனுக்கு வேலை கிடைத்திருப்பது கிண்டியில் இல்லையே.

ராம்நகர்_இரண்டாம்மாடி:
நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். ராம் நகர் தரைத்தளம் என்று தம்பி எழுதியதை யாருமே கவனிக்கவில்லையே! நான் பத்து வருடமாக இங்கேதான் இருக்கிறேன், வேளச்சேரியைக் குறை சொல்ல மாட்டேன். பறக்கும் ரயில் இருக்கிறது, 570 பஸ் ஓ.எம்.ஆருக்கே போகும், நள்ளிரவு வந்தாலும் இட்லி கிடைக்கும். ஆனால் தரைத்தளம் கூடாது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு போய்த்தான் கடலைப் பார்க்கும். வழி அடைத்துக்கொண்டால் நாங்கள்தான் ஏரி. 2015, 2023 இரண்டு டிசம்பரையும் பார்த்துவிட்டேன். 2024 அக்டோபரில் மழை என்று சொன்னதுமே ஜனங்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள், அந்த வரிசையில் என் வண்டியும் நின்றது.

வீடு பார்க்கும்போது ஓனரிடம் "தண்ணீர் வருமா" என்று கேட்காதே, குழாயைத் திறந்து காட்டுவார். பிளக் பாயிண்ட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார். இடுப்புக்கு மேலே இருந்தால் கீழே இருந்ததை ஒருமுறை தண்ணீர் தின்றிருக்கலாம். மோட்டாரைத் திண்ணை கட்டி ஏற்றியிருக்கிறார்களா, சுவரில் பாதி உயரம் வரை மட்டும் புது பெயிண்ட்டா, அதையும் பார்.

ஓ.எம்.ஆர்_அக்கா:
பி.ஜி. பற்றி நான் சொல்கிறேன், ஒன்றரை வருடம் இருந்தேன். ஹாஸ்டலில் நாலு வருடம் இருந்த பிள்ளைக்கு இது அஞ்சாவது வருடம், அவ்வளவுதான் வித்தியாசம். 8,500 என்பார்கள், ஏ.சி. கரண்டு தனி. காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள், எதை மெயின்டெயின் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கோடையில் தண்ணீர் லாரியை நம்பித்தான் குளியல். 2019 ஜூனில் லாரி கிடைக்காமல் ஓ.எம்.ஆர் கம்பெனிகளே வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்று சொன்னது சங்கருக்கு ஞாபகம் இருக்கும். அதோடு அட்வான்ஸ் யாருமே பேசவில்லையே. குரோம்பேட்டையில் எவ்வளவு கேட்கிறார்கள்?

நெல்லைப்பையன்:
பத்து மாதம், அக்கா. 1,10,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. பி.ஜி.யில் ஒரு மாதம் கட்டினால் போதும்.

ஓ.எம்.ஆர்_அக்கா:
தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. கேட்டுப் பார்.

குரோம்பேட்டைக்காரன்:
பேச்சிலர் பையன் சட்டம் பேசினால் வீடு ஏற்கனவே வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்பார்கள். ஐந்து மாதத்துக்குப் பேரம் பேசு. இரண்டு பேர் பெயரையும் ஒப்பந்தத்தில் போடச் சொல், நாளைக்கு நண்பன் பெங்களூருக்குப் போனால் அட்வான்ஸ் யாருடையது என்று தகராறு வரும்.

ஷிப்ட்_சங்கர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்பா கடன் வாங்கி ஐந்து மாத அட்வான்ஸ் கட்டிய பிறகு வீடு பிடிக்காவிட்டாலும் பையன் அங்கேயே கிடப்பான். பி.ஜி. என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். ஊர் பிடிபடாதவனுக்கு அதுதானே வசதி?

நெல்லைப்பையன்:
நேற்று ராம் நகர் வீட்டுக்கு மறுபடி போனேன். பிளக் பாயிண்ட் என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, குழந்தைகள் கை வைத்துவிடக் கூடாது என்றார் ஓனர். அவர் வீட்டில் குழந்தைகள் யாரும் இல்லை.

ராம்நகர்_இரண்டாம்மாடி:
டோக்கன் எதுவும் கொடுத்துவிடவில்லையே?

நெல்லைப்பையன்:
நண்பன் 5,000 கொடுத்துவிட்டான். நாளைக்குப் போய்த் திருப்பிக் கேட்கிறான். குரோம்பேட்டை அண்ணா, அந்த மாடி வீட்டுத் தெரு மழைக்கு எப்படி?

ஷிப்ட்_சங்கர்:
தெருவை விடு. அங்கிருந்து ஆபீஸுக்குப் போகிற துரைப்பாக்கம் ரேடியல் ரோடு மழைக்கு எப்படி என்று அவரிடம் கேள்.