ஆயில் தாங்கி கசிந்த அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கிறது?

ஸ்டோர் ஃபிட்டர், ஹட்டன் பக்கம்
எங்கள் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஜெனரேட்டருக்கு டீசல் போகிற தாங்கி. இரண்டு கொங்கிரீட் மேடைமேல் படுத்திருக்குமே, அதே மாதிரிதான். ஓடிட்டுக்கு (தணிக்கைக்கு) முன்னால் வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மேலே, பக்கவாட்டில், வெல்டிங் ஓரத்தில் எல்லாம் பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழ் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா ஒருவர் பீலித் தண்ணீரை, அவர்கள் குடிக்கப் பிடிக்கிற ஊற்றுத் தண்ணீரை, செம்பில் பிடித்துக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கே வந்துவிட்டார். தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம். "தம்பி, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல. இத புள்ளைக்குக் குடுக்கலாமா?" என்றார்.

திரும்பப் போய், தகடு மேடையைத் தொடுகிற ஓரத்தில் சுத்தியலால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கணீரென்றது, அங்கே மட்டும் சொத்தென்றது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டியதும் பெயிண்ட் தோலாக உரிந்தது. அடியில் அடுக்கடுக்காகத் துரு, டீசல் ஊறி ஈரமாக. மழைத் தண்ணீர் அந்த இடுக்கில்தான் தங்கும், வெயிலே படாது. அந்த அக்கா கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

வட்டவளை
நேர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் கதையில் தாங்கியைவிட பண்ட் சுவரைத்தான், கசிந்தால் வெளியே போகாமல் தாங்கியைச் சுற்றிக் கட்டுகிற தடுப்புச் சுவரைத்தான், நான் கேட்பேன். அது ஒழுங்காக இருந்தால் டீசல் பீலிவரை எப்படிப் போகும்? எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பண்ட் ஒரே இரவில் நிரம்பிவிடும். அதனால் அடி வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள். நான் பார்த்த தாங்கியில் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாய் உடைந்து, டீசல் முழுக்க அந்த வால்வு வழியாகக் கானுக்கு (வடிகாலுக்கு)ப் போய்விட்டது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை! தாங்கி கொள்ளுகிற அளவுக்குமேல் பத்து வீதம் கூடுதலாகக் கொள்ள வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டிய சுவர் அது.

நுவரெலியா
என் அனுபவம் வேறு. கசியாத தாங்கியால் அப்பாவுக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்தது. அவர் இரவுக் காவல்காரர். கொழும்புப் பக்கம் கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கிலிருந்து வந்த பவுசர் (தாங்கி லொறி) 6600 லீட்டர் இறக்கியது. ஓரிரு நாளில், மட்டம் அளக்கிற டிப் கம்பியில் அறுபது லீட்டருக்குமேல் குறைவு. துரை (தோட்ட மேனேஜர்) எல்லார் முன்னாலும் அப்பாவின் சாக்குப் பையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். ஒரு டோர்ச்சும் சாப்பாட்டுப் பெட்டியும் விழுந்தன.

டீசல் ஒரு பாகை குளிர்ந்தால் ஆயிரம் லீட்டருக்கு ஏறக்குறைய 0.8 லீட்டர் சுருங்கும். கொழும்பில் 30 பாகையில் ஏற்றியது இங்கே 18 பாகைக்கு இறங்கினால் கணக்கு அதேதான் வரும். அளவு கொஞ்சம் குறைந்து அப்புறம் நின்றுவிட்டால் அது குளிர். பாவிக்காமலே நாளுக்கு நாள் குறைந்தால்தான் கசிவு.

மெக்கானிக், பண்டாரவளை
ஃபிட்டர் தம்பி, துருப்பிடித்த தகட்டில், அதுவும் டீசல் நிறைந்திருக்கும்போது, சுத்தியல் போடக்கூடாது. ஓட்டை விழுந்தால் எதை வைத்து அடைப்பீர்கள்? கனம் அளக்க அல்ட்ராசொனிக் மீட்டர் இருக்கிறது. வெளியிலிருந்தே தகடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று காட்டும். முதலில் கம்பி நுனியில் வோட்டர் பேஸ்ட் தடவி அடிவரை விட்டுப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் நிறம் மாறும். இங்கே பகலில் வெயில், இரவில் குளிர். காலியாக இருக்கிற தாங்கி ஈரக் காற்றை இழுத்து உள்ளேயே வியர்க்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பாதிக்குமேல் காலியாக நின்ற தாங்கிகள் எத்தனை! தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். டீசலும் தண்ணீரும் சேர்கிற இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சேறாகும், தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளிப்பெயிண்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தாங்கியின் அடி வால்வில் தண்ணீரை வாளியில் இறக்குங்கள், கானில் விடாதீர்கள். காற்றுக் குழாயைக் குளவி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் பம்ப் இழுக்கும்போது தாங்கியே உள்வாங்கி நசுங்கும். அப்படி நசுங்கிய ஒன்றை ஹப்புத்தளைப் பக்கம் கண்டேன். கழுவி வாயு போக்காமல் அதிலேயே வெல்டிங் வைக்கத் தயாராக நின்றார்கள்.

ஸ்டோர் ஃபிட்டர், ஹட்டன் பக்கம்
அண்ணே, அடிக்கவில்லை, தட்டினேன். டீசலும் அதற்குள் கசிந்து அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. மீட்டர் கேட்டால் "தோட்டத்தில் ஏது காசு?" என்கிறார்கள். வட்டவளை கேட்டதும் சரிதான், பண்டே கட்டவில்லை. தாங்கியை மாற்றிவிட்டார்கள், பழைய இடத்திலேயே. பீலி அதற்கு நேர் கீழேதான் இன்னும் ஓடுகிறது. தண்ணீரை மேல் ஊற்றிலிருந்து குழாயில் எடுக்கச் சொல்லி லயத்து ஆட்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், நானும் வைத்தேன். பண்டாரவளை அண்ணே, உங்களிடம் அந்த மீட்டர் இருந்தால் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா? மற்ற இரண்டு தாங்கிகளின் மேடை ஓரத்தையும் அளக்க வேண்டும்.