ரிசப்ஷனுக்கு டி.ஜே. வேண்டுமா, லேப்டாப் போதுமா? (திருச்சி, 400 பேர்)

தங்கச்சி_கல்யாணம்:
ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். மேலே ஏசி ஹால், கீழே சாப்பாட்டுக்கூடம். மண்டபத்துக்காரர் கைகாட்டிய டி.ஜே. மூன்று மணி நேரத்துக்கு 35,000 கேட்கிறார். லைட் தனி, புகை மெஷின் தனி. (புகை எதற்கு? பெரியப்பாவுக்கு ஆஸ்துமா.) என்னிடம் லேப்டாப் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் அப்பா "பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்" என்கிறார். இதற்கு நடுவில் மாமா ஒருவர், காலையில் நாதஸ்வரத்தையும் பென்டிரைவில் போட்டுவிட்டால் மேளக்காரர் செலவும் மிச்சம் என்று யோசனை சொல்கிறார். அடிக்காமல் பதில் சொல்லுங்கள்.

டேபிள்_ஃபேன்:
35,000 ரூபாயா! அந்தக் காசுக்கு இரண்டு பந்திக்கும் ஐஸ்கிரீம் போடலாம். தம்பி, நம்ம ஊர் ரிசப்ஷன் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார். பத்திரிகையில் 6.30 என்று இருக்கும். பெண் மேக்கப் முடிந்து மேடை ஏற எட்டாகும். அதற்குள் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஒன்பதரை வரை ஒரே வரிசைதான்: மேலே ஏறு, கவரைக் கொடு, கேமராவைப் பார், இறங்கு. இதில் ஆடுவது யார்? மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேர், அதுவும் கடைசி அரை மணி நேரம். அந்த எட்டுப் பேருக்காக மீதி 392 பேரும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டுமா? மெல்லிசாகப் பாட்டு ஓடினால் போதும். ஒரு லேப்டாப், ஒரு வயர், வேலை முடிந்தது.

கன்சோல்_காளை:
நான் டி.ஜே., ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு, நானும் திருச்சிதான். சொந்த லாபத்துக்குப் பேசுகிறான் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். "ஒரு வயர்" என்று எழுதினவரை ஒரே ஒரு கல்யாணத்தில் அந்த மேஜைக்குப் பின்னால் நிற்க வைக்க ஆசை. ஜோடி கதவுக்கு வந்துவிட்டது, எண்ட்ரி பாட்டைப் போடு என்பார்கள், போட்டதும் மாலை காரிலேயே இருக்கிறது என்று ஒருவர் ஓடுவார். பாட்டை நைசாக இறக்கி வேறொன்றை ஓடவிட்டு, மாலை வந்ததும் திரும்ப அதே இடத்தில் பிடிக்க வேண்டும். கேக் வெட்டும்போது நிறுத்த வேண்டும், தாத்தா மைக்கைப் பிடித்துவிட்டால் காத்திருக்க வேண்டும், வெள்ளை ஸ்விஃப்ட் வழியை மறிக்கிறது என்று அறிவிக்க வேண்டும். பிளேலிஸ்ட்டுக்குக் கண் கிடையாது. அந்த 35,000-இல் ஸ்பீக்கர், வேன், இரண்டு பையன்கள், இன்னொரு லேப்டாப் கைவசம், இரவு ஒரு மணிக்கு எல்லாவற்றையும் கழற்றி ஏற்றுவது எல்லாம் இருக்கிறது. மண்டபத்துக்குப் போகும் கமிஷனும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

நொந்த_மாப்பிள்ளை:
என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2022-இல் என் ரிசப்ஷன். சித்தப்பா மகன் போனிலிருந்து புளூடூத்தில் பாட்டு. ஒரு மணி நேரம் அருமையாக ஓடியது. பிறகு அவனுக்குப் பசித்தது. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே பந்திக்கு இறங்கினான், பாட்டு விட்டுவிட்டு வந்து அப்படியே நின்றுபோனது. ஆள் அனுப்பிக் கூட்டி வந்தோம், கையில் இன்னும் ரசம். நாங்கள் கேக் வெட்டப் போகிற நேரத்தில் அவனுக்கு வேன் டிரைவரிடமிருந்து அழைப்பு. அவன் ரிங்டோன் முருகன் பாட்டு. இரண்டு ஸ்பீக்கரிலும் முழுச் சத்தத்தில் வந்தது. முன்வரிசையில் என் பாட்டி எழுந்து கை கூப்பிவிட்டார். வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது, வருடா வருடம் கல்யாண நாளன்று போட்டுக் காட்டுகிறார்கள்.

டேபிள்_ஃபேன்:
அது புளூடூத்தின் கோளாறு, ஐயா. பத்து மீட்டர் தாண்டினால், நடுவில் சுவரோ நூறு பேர் கூட்டமோ வந்தால் புளூடூத் திணறத்தான் செய்யும். வயர் போடுங்கள், போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், பாட்டை முன்னமே டவுன்லோடு செய்து வையுங்கள். மண்டபத்து வைஃபையை நம்பி யூடியூபில் ஓடவிட்டால் நடுவில் விளம்பரம் வரும். இலவச ஸ்பாட்டிஃபையிலும் வரும். இதற்கெல்லாம் 35,000 ஆகாது.

மைக்செட்_மகன்:
எங்கள் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மைக்செட் வைத்திருந்தார். தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, ரிக்கார்டு பிளேயரில் இசைத்தட்டு. வெளியூர்க்காரர்கள் கல்யாண வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை, சத்தம் வருகிற பக்கம் நடந்தால் போதும். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டு பேரும் பாட்டு யார் போடுவது என்று சண்டை போடுகிறீர்கள். பாட்டு சுலபம். நாலு நிமிடப் பாட்டு என்றால் மூன்று மணி நேரத்துக்கு 45 பாட்டு, இடைவெளிக்கும் இழுபறிக்கும் சேர்த்து 70 வைத்துக்கொண்டால் தாராளம். கஷ்டம் சத்தத்தில் இருக்கிறது. எண்பதுகளில் பதிவான பாட்டும் போன வருடத்துக் குத்துப்பாட்டும் ஒரே அளவில் கேட்காது. புதுசு ரொம்ப இறுக்கி, ஏற்றிப் பதிவானது. பழைய பாட்டு வந்ததும் "கேட்கலையே" என்று ஒருவர் வால்யூமை ஏற்றுவார், அடுத்த பாட்டு இடி மாதிரி விழும், குழந்தை அழும். எல்லாப் பாட்டையும் முன்னமே ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மிக்ஸ் (Mixxx) என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி உண்டு, ஆட்டோ டி.ஜே. என்று போட்டுவிட்டால் ஒரு பாட்டு இறங்க இறங்க அடுத்தது தானாக ஏறும்.

அடுத்தது ஸ்பீக்கர் வைக்கிற இடம். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிதாக இரண்டு வைத்துக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று ஏற்றினால் முன்வரிசை செத்தது. வெட்டவெளிக் கணக்குப்படி தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் எதிரொலியால் அவ்வளவு குறையாது, ஆனால் அந்த எதிரொலியில் பேச்சு ஒன்றும் புரியாது. நான்கு இடத்தில் சின்ன ஸ்பீக்கராகப் பிரித்து வைத்து எல்லாவற்றையும் குறைவாக ஓட்டினால் கடைசி வரிசைக்கும் கேட்கும், முன்வரிசையிலும் பேசிக்கொள்ளலாம். இதை எந்த டி.ஜே.வும் செய்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தரை அதிர வேண்டும்.

இன்னொன்று: லேப்டாப் சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு உறுமல் வரும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றால் எர்த் பிரச்சினை. டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டியை நடுவில் போட்டால் சரியாகிவிடும், சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறுகிற அந்தச் சில நொடியில் லேப்டாப் தாங்கும், பாட்டையும் மைக்கையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்சர் அணைந்துவிடும். அப்போது யாராவது வால்யூமை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கரில் ஒரு "டப்" விழும்.

என் யோசனை: டி.ஜே. வேண்டாம், ஆனால் ஸ்பீக்கர், மிக்சர், இரண்டு கார்ட்லெஸ் மைக், கூடவே ஒரு ஆபரேட்டர் வைத்து வாடகைக்கு எடுங்கள். எங்கள் பக்கம் பத்தாயிரத்தை ஒட்டி முடியும். பாட்டு உங்களுடையது, கை அவருடையது.

கன்சோல்_காளை:
தரை அதிர வேண்டும் என்பது எங்கள் ஆசை இல்லை அண்ணே. பத்தில் ஏழு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் நண்பன் ஒருத்தன் வந்து "ப்ரோ, பாஸ் பத்தல" என்பான். பெண்ணின் அப்பா வந்து குறை என்பார். இரண்டு பேரும் காசு கொடுத்தவர்கள்தான், நான் யார் பேச்சைக் கேட்பது?

பெரியத்தை:
பெண்ணின் அப்பா பேச்சைத்தான். இதில் என்ன சந்தேகம்?

வயதானவர்கள் பக்கத்திலிருந்து யாரும் பேசக் காணோம், அதனால் எழுதுகிறேன். எங்களுக்கெல்லாம் கல்யாணம் என்பது பத்து வருடமாகப் பார்க்காத நாத்தனாரை, ஒன்றுவிட்ட அக்காவைப் பார்த்துப் பேசுகிற இடம். போன தை மாதம் ஒரு ரிசப்ஷனில் என் அக்காவிடம் "உடம்பு எப்படி இருக்கு" என்று நான்கு தடவை கத்திவிட்டு, கடைசியில் இரண்டு பேரும் வெளியே வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். அத்திம்பேர் காதுக் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார், அதை மாட்டியிருந்தால் இந்தச் சத்தம் இன்னும் குத்துகிறதாம். அங்கே டி.ஜே. இல்லை, வீட்டுப் பையன்தான் லேப்டாப்பில் போட்டான். ஆகவே டேபிள் ஃபேன், சொந்தப் பையன் என்றால் மெல்லிசாக இருக்கும் என்று கனவு காணாதீர்கள். கை நம்முடையது என்றால் அடக்க ஆளே இல்லை.

அப்புறம் அந்தப் பென்டிரைவ் மாமா. அவரை என்னிடம் அனுப்பு.

டேபிள்_ஃபேன்:
நாதஸ்வர விஷயத்தில் மட்டும் நானும் "பிளேலிஸ்ட்டுக்குக் கண் கிடையாது" என்கிற டி.ஜே. கட்சி. எங்கள் தெருவில் ஒருவர் அப்படிச் செய்தார். ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம் கெட்டிமேளம்" என்றார், பையன் பட்டனைத் தேடினான். மூன்றாவது முடிச்சும் விழுந்த பிறகு மேளம் வந்தது. வந்தது மட்டுமா, யூடியூபிலிருந்து எடுத்தது போல, மேளம் முடிந்ததும் "சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க" என்று ஒரு அம்மா பேசினார். அட்சதை போட்ட கையோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மைக்செட்_மகன்:
காலையில் ஸ்பீக்கர்காரனுக்கு வேலையே இல்லை. தவில்காரர் ஒரு கண்ணை எப்போதும் ஐயர் கையில் வைத்திருப்பார், பேசிக்கொண்டே வாசித்தாலும் அந்தக் கண் நகராது. அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ அழுதாலோ ஜோடி காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அடி. இதைக் கோப்பில் போட முடியாது. தவிலுக்கு மைக்கும் வேண்டாம், வைத்தால் பாவம் ஹால்.

தங்கச்சி_கல்யாணம்:
மாமாவிடம் சொல்லிவிட்டேன், அவர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் இருக்கிறார். இன்னொரு சந்தேகம். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், சினிமாப் பாட்டுப் போட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும், இளையராஜா பாட்டு என்றால் நோட்டீஸே வரும் என்று பயமுறுத்துகிறார். உண்மையா?

ஷரத்து_52:
அவர் சொல்வது கச்சேரிகளைப் பார்த்த பயம். 2017-இல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது, டிக்கெட் விற்று நடத்திய மேடைக் கச்சேரிகளுக்காக. கல்யாணத்துக்கு 1957 காப்புரிமைச் சட்டத்தில் 52(1)(இசட்ஏ) என்று தனி விலக்கு இருக்கிறது. மதச் சடங்கின்போது பாட்டு ஒலிபரப்பினால் மீறல் ஆகாது, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமே எழுதியிருக்கிறார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவுபடுத்தி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோவாவில் இதே விலக்கைச் சொல்லி மாநில அரசு போட்ட சுற்றறிக்கையை 2024-இல் உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, ஆனாலும் சட்டத்தில் இருக்கும் அந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாண்டியும் சில ஓட்டல்கள் லைசென்ஸ் கடிதம் கேட்கும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு கதை. அங்கே பாட்டைத் தானாகக் கண்டுபிடித்துச் சில நேரம் சத்தத்தையே அடைத்துவிடுவார்கள், ஊமைக் கல்யாணம் ஆகிவிடும்.

நேர விஷயமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய ஹாலுக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்றால் விலக்கு. மொட்டை மாடிக்கும் புல்வெளிக்கும் அந்த விலக்கு பொருந்தாது.

கன்சோல்_காளை:
பார்த்தீர்களா, இதையெல்லாம் யோசிக்கத்தான் ஒரு தொழில்காரன் வேண்டும்.

டேபிள்_ஃபேன்:
இப்போது யோசித்தது வக்கீல், நீங்கள் இல்லை.

நொந்த_மாப்பிள்ளை:
யார் போட்டாலும் சரி, பாட்டுப் போடுகிற ஆளுக்கு முதலில் சாப்பாடு போட்டுவிடுங்கள். என் வாழ்க்கை அனுபவம் அவ்வளவுதான்.

தங்கச்சி_கல்யாணம்:
சரி, முடிவாகிவிட்டது. மேளக்காரருக்கு இன்று முன்பணம் கொடுத்தேன். சவுண்ட் சர்வீஸ் ஒருவரை ஆபரேட்டரோடு பேசியிருக்கிறேன், நான்கு ஸ்பீக்கர், 11,000. வெளி ஆள் வந்தால் தனிக் கட்டணம் என்று மண்டபத்தில் முதலில் முறைத்தார்கள், ரசீதில் எங்கே எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டதும் விட்டுவிட்டார்கள். லேப்டாப் பக்கத்தில் சித்தி மகள் உட்காருவாள், அவளுக்கு 6 மணிக்கே இலை. வால்யூம் பொறுப்பு பெரியப்பாவிடம், மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாயிற்று, அவரைத் தாண்டி யாரும் கையை நீட்ட முடியாது. முதல் ஒரு மணி நேரம் தன்னுடைய பாட்டுகள்தான் ஓட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை, பேப்பரில் 31 பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடைசி அரை மணி நேர ஆட்டத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

பெரியத்தை:
31 பாட்டு இரண்டு மணி நேரம் வரும். உங்கள் அப்பா விவரமானவர்.

கன்சோல்_காளை:
அந்த அரை மணி நேரத்துக்கு நான் வருகிறேன் தம்பி. லேப்டாப்பும் கன்சோலும் மட்டும் எடுத்து வருகிறேன், ஸ்பீக்கர் அவர்களுடையது. 5,000 கொடுங்கள்.

டேபிள்_ஃபேன்:
புகை?

கன்சோல்_காளை:
புகை தனி.