மறு: ‘தகவல் தொற்றியல்’ – எனக்கு ஒப்பவில்லை

> இன்ஃபோடெமியாலஜிக்குத் ‘தகவல் தொற்றியல்’ என்று வைத்துவிடலாமா?

வணக்கமுங்க அண்ணா,

இன்ஃபோடெமியாலஜி என்பது இணையத்தில் கிடக்கும் மருத்துவத் தகவலையும் மக்கள் அங்கே தேடுவதையும் ஆராய்கிற படிப்பு. அதற்குத் தகவல் தொற்று என்று பேர் வைத்தால் வாட்ஸ்அப் வதந்திதான் கண்முன் வரும். கொரோனா சமயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன ‘இன்ஃபோடெமிக்’குக்கு (நோயோடு சேர்ந்து பொய்யும் மெய்யுமாகத் தகவல் பெருகுவது) அந்தப் பேரை விட்டுவிடலாமுங்க.

இணைய மருத்துவத் தகவலை ஆராய்கிற குந்தர் ஐசன்பாக் 2002இல் இன்ஃபோடெமியாலஜி என்ற சொல்லை எழுதியபோது இணையத்தில் கிடக்கும் மருத்துவத் தகவல் சரியா தப்பா என்பதுதான் பேச்சு. 2009இல்தான் மக்கள் என்ன தேடுகிறார்கள் என்பதையும் விரிவாக அதற்குள் கொண்டுவந்தார். நாம் கட்டுரை எழுதுவது இந்த இரண்டாவதைப் பற்றி. அதற்கு என் பரிந்துரை: இணையத்தட நோய்ப்பரவலியல். இதில் ‘நோய்ப்பரவலியல்’ என்பது எபிடெமியாலஜிக்கு. ‘தடய’ என்று போட்டால் போலீஸ்காரர் வந்து நின்றுகொள்வார். தடம் நம்ம பக்கம் வழிக்கும் சொல்வதுதானே.

சொல்லிலேயே ‘தடம்’ இருக்கட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி மழையில் திருப்பூரில் ஒருவர் ‘நிலவேம்பு கசாயம்’ என்று போனில் தேடுகிறார். காய்ச்சல் அவருக்கா, பக்கத்து வீட்டுக்கா, இல்லை டிவியில் டெங்கு செய்தி ஓடியதா? தேடியது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதே தெருவில் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் காய்ச்சல் அடிக்கும். அவர்கள் தமிழிலா தேடுவார்கள்? தமிழ்த் தேடலை மட்டும் எண்ணினால் ஊரில் நிறையப் பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க 2008இல் தொடங்கிய கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஃப்ளூவை ஏகத்துக்கும் கூட்டிக் காட்டியது. 2015இல் அதன் கணிப்புகளை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். தேடியவர்களை எல்லாம் நோயாளி என்று எண்ணினால் அப்படித்தான் ஆகும்.

> ‘பரவல்’ மட்டும் இடிக்குது தம்பி. சர்க்கரை வியாதி ஒட்டுவாரொட்டியா என்ன? எபிடெமியாலஜியில் அதுவும் வருதே.

ஒட்டுவது என்ற பொருளில் எடுத்தால் இடிக்கத்தான் செய்யும். ஆனால் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ‘இயல்நிலைப் பரவல்’ என்று படித்தோமே, அந்தப் பரவல்தானுங்க இது. யாருக்கு, எந்த ஊரில், எந்த வயதில் அதிகம் என்பதைப் பார்க்கிற படிப்பு. சர்க்கரையும் பிரஷரும் அதற்குள் தாராளமாக அடங்கும். ‘கொள்ளைநோயியல்’ என்று வைத்தால்தான் சர்க்கரையை வெளியே நிறுத்த வேண்டிவரும்.

நீளம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் முதல் தடவை முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் ‘தடப்பரவலியல்’ என்று சுருக்கிக்கொள்ளலாமா? மருத்துவம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்க.