நடுவயதில் தொழில் மாறியவர்களை எந்தக் கோட்பாட்டில் பொருத்துவது?

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக, நாற்பது வயதைக் கடந்தபின் தொழிலையே மாற்றிக்கொண்ட பன்னிரண்டு பேரை நேர்காணல் செய்து முடித்துவிட்டேன். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

தொழில் வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் டொனால்ட் சூப்பரின் வாழ்நாள் கோட்பாட்டை வைத்துப் பகுக்கலாம் என்று நினைத்திருந்தேன். வளர்ச்சி, தேடல், நிலைபெறுதல், பேணுதல், விலகல் என ஐந்து கட்டங்கள். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நான் சந்தித்தவர்கள் பேணுதல் வயதில் மறுபடியும் தேடலுக்குப் போனவர்கள். வாழ்நாள் முழுவதுக்குமான பெருஞ்சுற்றுக்குள் இதே கட்டங்கள் சிறுசுற்றுகளாக மீண்டும் வரும் என்று சூப்பரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அது போதுமா?

இருபது ஆண்டுகள் கணக்கராக இருந்துவிட்டுச் செவிலியர் படிப்பில் சேர்ந்த ஒருவர், “திட்டமெல்லாம் இல்லை. அம்மாவுடன் மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்தேன், அவ்வளவுதான்” என்றார். உடனே, ஜான் க்ரம்போல்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1999இல் முன்வைத்த ‘திட்டமிட்ட தற்செயல்’ கோட்பாடு, அதாவது எதிர்பாராத நிகழ்வுகளைத் தொழில் வாய்ப்புகளாக மாற்றிக்கொள்வது, நினைவுக்கு வந்தது. என் வழிகாட்டியோ, தொழில் மாற்றங்களுக்கேற்பத் தகவமைத்துக்கொள்ளும் திறனைப் பற்றி எழுதிய மார்க் சவிக்காஸைப் படிக்கச் சொல்கிறார்: அக்கறை, கட்டுப்பாடு, ஆர்வம், தன்னம்பிக்கை என்று அத்திறனுக்கு அவர் சொல்லும் நான்கு கூறுகளையே, நேர்காணல் பகுதிகளை வகைப்படுத்தும் குறியீடுகளாக வைத்துக்கொள்ளலாமாம்.

இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கோட்பாடுகளை ஒரே பகுப்பாய்வில் இணைத்தவர்கள் இருந்தால், தேர்வாளரின் கேள்விகளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். இன்னொன்று: பழைய முடிவுகளைப் பின்னோக்கிச் சொல்லும்போது எல்லோருமே கதையைச் சீராக்கிவிடுகிறார்கள். அதை ஆய்வின் குறையாக எழுதுவதா, அல்லது அந்தச் சீராக்கலையே தரவாகக் கொள்வதா? எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு.

ஆளுமையைத் தொழிலோடு பொருத்திப் பார்க்கும் ஜான் ஹாலந்தின் ஆறு ஆளுமை வகைகளை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். வினாத்தாள் கொடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.