குடையில் குதிக்கும் தாத்தா: இது என்ன கார்ட்டூன்?

கமுகுத்தடி எழுதியது:

எனக்கும் அண்ணனுக்கும் நாற்பது வருடமாக ஒரு சண்டை. யாராவது தீர்த்து வைத்தால் புண்ணியமாகப் போகும்.

1984 வாக்கில் எனக்கு எட்டு வயது. ஊர் கொல்லங்கோடு, கொஞ்சம் நடந்தால் கேரளா. துபாயிலிருந்து வந்த மாமா ஒரு டிவி கொண்டுவந்தார். இரண்டு கமுகுத் தடியை ஒட்டுப்போட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் கிடைக்கும். சில சாயங்காலம் மாமாவுக்கு என்ன தோன்றுமோ, தென்கிழக்கே திருப்பச் சொல்வார். நான் தடியை முறுக்குவேன். அவர் ஜன்னலில் நின்று "இன்னும் கொஞ்சம்... போச்சு, போச்சு, திரும்ப வா மக்கா" என்று சத்தம் போடுவார்.

அப்படி வந்ததுதான் இந்தக் கார்ட்டூன். ஒரு குண்டுத் தாத்தா குடையை ஊன்றி, அதன்மேல் ஏறித் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போவார். குடையும் பேசும். மரத்தில் செய்த ராக்கெட் ஒன்றும் உண்டு. பாஷை தமிழில்லை, மலையாளமில்லை, இந்தியுமில்லை. எனக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை: பூச்சை. (எங்கள் பக்கம் பூனையைப் பூச்சை என்றுதான் சொல்வோம்.)

"காய்ச்சல்ல கண்ட கனவுல அது" என்கிறான் அண்ணன். சாட்சி சொல்ல மாமாவும் இப்போது இல்லை.

பாறசாலை வாசி:

இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்டாக இருக்கும். 1983இல் வந்தது. தொப்பிக்குள்ளிருந்து என்னென்னவோ நீளும், குடையும் உண்டு.

கமுகுத்தடி:

இல்லை அண்ணே, அதை யூடியூபில் பார்த்துவிட்டேன். அவர் இயந்திரக் கை கால் வைத்த துப்பறிவாளர். நம் ஆள் தாத்தா.

குளத்துப்புழை ரப்பர்:

தம்பி, உங்கள் பூச்சைதான் துப்பு. சிங்களத்தில் பூனைக்கு 'பூசா'. நீங்கள் பார்த்தது இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி.

நான் பிறந்தது ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில். தாயகம் திரும்பியவர்கள் என்று எங்களை இங்கே ரப்பர் வெட்ட அனுப்பினார்கள். வருவதற்கு முன் தோட்டத்துக் கிளார்க் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். பெயர் 'தொஸ்தர ஹொந்தஹித', அதாவது நல்ல மனசு டாக்டர். சிங்களத்தில் குரல் கொடுக்க வைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. சினிமாக்காரர். வெள்ளைக்காரத் தாத்தாவை அப்படியே நம்மூர் வைத்தியர் மாதிரி பேசவைத்துவிட்டார். மூலத்தைப் பிறகு ஆங்கிலத்தில் பார்த்தேன், எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை.

மூலப் பெயர் டாக்டர் ஸ்னகிள்ஸ். ஜெஃப்ரி ஓ'கெல்லி உருவாக்கியது, 1979இல் வந்தது, மொத்தமே 13 பகுதிதான். ஆங்கிலக் குரல் பீட்டர் உஸ்தினோவ். மர ராக்கெட்டும் நிஜம், அதன் பெயர் ட்ரீமி பூம் பூம். பூனைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தும் ஒரு பாட்டியும் அதில் உண்டு. உங்கள் காதில் 'பூசா' அங்கிருந்துதான் விழுந்திருக்கும்.

பழைய பூஸ்டர்:

மார்த்தாண்டத்தில் அந்தக் காலத்தில் டிவி மெக்கானிக் நான். உங்கள் மாமாவுக்குத் தோன்றியது சும்மா இல்லை. ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. கோபுரம் பீதுருதாலகால மலையில், 2,524 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து உங்கள் ஊர் 400 கிலோமீட்டருக்கு மேல் வரும். சாதாரண நாளில் எட்டாது. கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்று கிடந்து, அதற்கு மேலே சூடான காற்று படிந்தால், அலை வளைந்து அந்த இடுக்கு வழியாகவே ஓடி வந்துவிடும். புழுக்கமான, காற்றில்லாத சாயங்காலம் பார்த்துத் திருப்பியிருப்பார். மழையில் திருப்பினால் புள்ளிதான்.

பாறசாலை வாசி:

அதில் இரண்டு கதை எழுதியவர்களில் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' நாவல் எழுதிய டக்ளஸ் ஆடம்ஸும் ஒருவராம், இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கேட்ஜெட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கமுகுத்தடி:

முதல் பகுதியைப் பார்த்தேன். தாத்தா குதித்தார். ஆனால் நிறம்! எங்கள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை, அவருக்கு நிறம் இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

பூஸ்டர் அண்ணாச்சி சொன்னது சரி. எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் வியர்வையும் கொசுவும்தான்.

வீடியோவை அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமானது. பதில் இல்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டு, "சக்கை (பலாப்பழம்) வெட்டிப் போட்டிருக்கு, வந்து எடுத்துட்டுப் போ" என்றான்.