நாயில்லாமல் காட்டு உள்ளான் வேட்டைக்குப் போவது முறையா?

உப்புவெளியான் கேட்கிறார்:

வணக்கம். மிச்சிகன் மாநிலத்தில் வாழும் அக்காவும் அத்தானும் வருகிற ஒக்டோபரில் என்னைத் தங்களிடம் வந்து தங்கும்படி அழைத்திருக்கிறார்கள். அத்தான் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இரண்டு நண்பர்களோடு காட்டு உள்ளான் (ஆங்கிலத்தில் வூட்கொக்) வேட்டைக்குப் போகிறவர். இம்முறை நானும் கூட நடக்க வேண்டும் என்கிறார். நம் வயல்களுக்கு மாரியில் வந்திறங்கும் உள்ளானின் உறவுதான் என்றாலும், இந்தப் பறவை வயற்சேற்றை நாடாமல் ஈரமான இளங்காட்டில் மண்புழு தோண்டித் தின்று வாழ்வது.

அவர்களிடம் வேட்டை நாய் இல்லை. சென்ற ஆண்டு சுட்டு விழுத்திய இரண்டு பறவைகளை ஒரு மணித்தியாலம் தேடியும் கண்டெடுக்க முடியவில்லை என்று அத்தான் சொன்னது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாயில்லாமல் இந்த வேட்டையைச் செம்மையாகச் செய்ய முடியுமா, அல்லது நாய் கிடைக்கும்வரை நிறுத்தி வைக்கும்படி அவரிடம் சொல்லட்டுமா?

வயற்கரை எழுதுகிறார்:

தம்பி, என் தகப்பனார் அறுபதுகளில் தம்பலகாமத்து வயல்களில் உள்ளான் சுட்டவர். நான் சிறுவனாக அவருக்குப் பின்னால் வரம்பில் நடந்திருக்கிறேன். வயல் உள்ளான் கிறீச்சிட்டு எழுந்து இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கும். ஆனாலும் வெளி திறந்து கிடப்பதால் அது விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியும், இறங்கிப் போய் எடுத்துவிடலாம். அப்படியிருந்தும் எங்கள் வீட்டு நாய் கூட வராத நாட்களில் ஒன்றிரண்டு தவறிப்போகும். தவறினால் அப்பா அன்று மேற்கொண்டு சுடமாட்டார், நேரே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். காட்டு உள்ளானின் பெரிய இனம் ஒன்று மிக அரிதாக நுவரெலியாப் பக்கத்து மலைகளுக்கு மாரியில் வருவதுண்டு. நம் பக்கத்தில் நான் கண்டதில்லை. ஆகவே இளங்காட்டு வேட்டையைப் பற்றி அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கொட்டியாரக்கரை எழுதுகிறார்:

ஊருக்குத் திரும்புவதற்கு முன் நான் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். செற்றர் நாய் வைத்திருந்த அயலவர் ஒருவருடன் நான்கு பருவங்கள் நடந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

காட்டு உள்ளானின் முதுகு உதிர்ந்த இலையின் நிறம். கண்கள் தலையின் பின்புறமாக உயர்ந்து அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றி ஏறத்தாழ எல்லாத் திசையையும் அது பார்க்கும். தன் நிறத்தை நம்பி, நாம் மிதிக்கும் தூரத்துக்கு வரும்வரையும் அசையாமல் அமர்ந்திருக்கும். நாய் மோப்பம் கண்டதும் அப்படியே உறைந்து நிற்கும், கழுத்து மணி ஓய்ந்துவிடும். அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் நாங்கள் அவ்விடத்தை நோக்கி நடப்போம். நாயில்லாதவர்கள் மெதுவாக நடந்து, பத்து அடிக்கொரு தரம் நின்றுவிட வேண்டும். காலடி ஓசை நின்றதும் பறவைக்குப் பதற்றம் கூடி, இறக்கை சீழ்க்கையடிக்க நேரே மேலே எழும். பெரும்பாலும் தொலைவு போகாமல் மீண்டும் இறங்கிவிடும் என்பதால் அதே பறவையை மறுபடி எழுப்பவும் முடியும். தரையில் வெள்ளை எச்சமும் அலகு குத்திய சிறு துளைகளும் தெரிந்தால் அங்கே நின்று பார்க்கலாம். எனவே பறவையைக் காண்பது நாயில்லாமலும் இயலும். விழுந்ததை எடுப்பதில்தான் நாயின் அருமை தெரியும், ஏனெனில் அடிபட்ட பறவை சருகுக்குள் நடந்து ஒளிந்துகொண்டால் மனிதக் கண்ணுக்கு அது அகப்படுவது கடினம்.

சுட்டவர் நின்ற இடத்தை விட்டு அசையாமல் கையால் திசை காட்ட வேண்டும். மற்றவர் போய், விழுந்ததாகத் தோன்றும் இடத்துக் கிளையில் செம்மஞ்சள் தொப்பியை மாட்டிவிட்டு, அதை நடுவாக வைத்துச் சுற்றிச் சுற்றி வெளிப்புறமாகத் தேட வேண்டும். முதல் பறவை கைக்கு வரும்வரை இரண்டாவதைச் சுடவே கூடாது. அடர்ந்த புதருக்கு மேலாகப் பறப்பதை விட்டுவிட்டு, இடைவெளியில் தெரிவதை மட்டும் சுட வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மிச்சிகனில் 1997 முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 பறவைகள்தாம் அனுமதி. பருவமும் 45 நாட்களுக்கு மேற்படாது. 1968 முதல் வசந்தகால மாலைகளில் ஆண் பறவைகளின் கூவலைக் கேட்டு எண்ணி வருகிறார்கள். இளங்காடுகள் முதிர்ந்து குறையக் குறையத் தொகையும் நெடுங்காலமாகச் சரிந்தே வந்திருக்கிறது. அத்தான் தவறவிட்ட இரண்டையும் அவருடைய மூன்றில் சேர்த்து எண்ணுவதே நியாயம் என்பது என் கருத்து.

நிலாவெளி நாய்ப்பிரியை எழுதுகிறார்:

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் இதற்காக அவசரப்பட்டு நாய் வாங்கச் சொல்லிவிடாதீர்கள். கொக்கர் ஸ்பானியல் என்ற வேட்டை நாயினத்தின் பெயரே வூட்கொக் எனும் இந்தப் பறவையை எழுப்பும் வேலையால் வந்ததுதான். ஆயினும் குட்டியைப் பழக்க ஒரு பருவம் போதாது; சில வார வேட்டைக்காக வாங்கும் நாயை ஆண்டு முழுவதும், அதுவும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், பராமரிக்க வேண்டும். இன்னொன்று: நல்ல வேட்டை நாய்களில்கூடப் பல, காட்டு உள்ளானை வாயில் கவ்வ விரும்புவதில்லை. கவ்வாவிட்டாலும் விழுந்த பறவையின் அருகே போய் நின்று காட்டினால் போதும், குறை சொல்லாதீர்கள். நாய் வைத்திருக்கும் ஒருவரைத் துணைக்கு அழைப்பதே நல்ல வழி.

உப்புவெளியான் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அத்தானுடன் பேசினேன். அவருடைய நண்பருக்குத் தெரிந்த ஒருவர் பிரிட்டனி இன நாயுடன் இரண்டு நாட்கள் வர இசைந்திருக்கிறார். மற்ற நாட்களில், முதல் பறவை கைக்கு வராமல் அடுத்த தோட்டாவைப் போடுவதில்லை என்று அத்தான் ஒப்புக்கொண்டார். தொப்பியை மாட்டித் தேடும் வேலை என்னுடையது.