வேலைத்தளப் பிரச்சினையையே முதுமாணி ஆய்வாகச் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். யாழ்ப்பாணத்தில் கூரைச் சோலார் பூட்டுகிற சின்னக் கொம்பனியில் மின் பொறியியலாளராக இருக்கிறேன். மத்தியான வெயிலில் ஒரு ஒழுங்கையிலுள்ள எல்லாக் கூரையும் ஒன்றாக மின்சாரம் தள்ளும்போது, 230 வோல்ட் இருக்கவேண்டிய லைன் 250ஐத் தாண்டி, இன்வேர்ட்டர் (சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டி) தானாக நின்றுவிடுகிறது, சனம் எங்களைத்தான் கேட்குது. இதையே ஆய்வாக எடுத்துப் பகுதிநேர முதுமாணி படிக்க ஆசை. கிழமைக்குக் கிழமை கொழும்புக்கு இரவு பஸ் ஏறுவது சரிவராது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் என்றால் காலையில் வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்பலாம்.

முதலாளி தரவு தரச் சம்மதம், நல்ல மனுசன். கொம்பனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மேற்பார்வை செய்யப் படித்தவர்கள், தரவு யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள்? மாதிரிக் கடிதம் இருந்தால் இன்பொக்ஸில் போடுங்கோ.